பேருதான் ஜாகுவார்

எங்கள் வீட்டில் ஒரு பழைய புகைப்படம் உண்டு. உள்ளங்கை அளவு இருக்கும், ஓரத்தை அலையலையாக வெட்டியிருப்பார்கள். கூரை இல்லாத ஒரு காரின் முன்னால் தாத்தா வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாக விறைப்பாக நிற்கிறார். மலாயாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரைக்குக் காரோட்டியாக இருந்தவர் அவர். தோட்டத்துக்குள் சுற்ற லேண்ட்ரோவர். படத்தில் உள்ள காடியை மட்டும் துரை தானேதான் ஓட்டுவாராம். தாத்தாவுக்கு அதைக் கழுவித் துடைக்கும் வேலை. துரை பினாங்குக்கு வந்து கிளப்பில் உட்கார்ந்துவிட்டால், அதற்குக் காவல் நிற்கும் வேலையும் உண்டு.

அது என்ன கார் என்று கேட்டால் பெரியப்பா யோசிக்கவே மாட்டார். "ஜாகுவார்." அதோடு தாத்தா அடிக்கடி சொன்னதையும் சேர்த்துச் சொல்வார்: "பேருதான் ஜாகுவார், உள்ளே இருக்கிறது டிராக்டர் எஞ்சின்." வீட்டில் எல்லோரும் சிரிப்போம். துரை மேல் இருந்த கோபத்தைத் தாத்தா இப்படித் தீர்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தோம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையும் சில வாரம் மூடிக் கிடந்தது. அலமாரியைச் சுத்தம் செய்தபோது இந்தப் படம் கையில் அகப்பட்டது. ஜாகுவார்தானா என்று பார்த்துவிடலாம், அரைமணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். இரண்டு வருடம் ஆனது. இடையில் மற்றவர்களின் படங்களும் வந்து சேர்ந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் பொழுது.

படத்தில் பெரிய சிக்கலே தாத்தாதான். காரின் முகப்பு வலையையும் சின்னத்தையும் சரியாக மறைத்துக்கொண்டு நிற்கிறார். எண் பலகையில்கூட அவர் கால்களுக்கு நடுவே ஒரே ஓர் எழுத்துதான் தெரிகிறது. பேரப்பிள்ளையாக இருந்துகொண்டு, "தாத்தா, கொஞ்சம் நகருங்களேன்" என்று எத்தனை முறை முணுமுணுத்திருப்பேனோ தெரியாது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். படத்தைக் கைப்பேசியில் எடுத்துத் தேடலில் போட்டேன். எம்.ஜி.ஏ என்றது. கொஞ்சம் வெட்டிப் போட்டால் ஆஸ்டின்-ஹீலி. இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஆல்ஃபா ரோமியோ. இந்தத் தேடல்கள் அதிகம் பார்த்த கார் பக்கமே சாய்கின்றன. ஆயிரக்கணக்கில் ஓடிய கார் என்றால் உடனே சொல்லிவிடும். ஐந்நூறுக்கும் குறைவாகச் செய்த கார் என்றால், அதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டி நம்மைக் கெடுக்கும். அது சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம், நம்பக் கூடாது.

அப்புறம்தான் புரிந்தது, அபூர்வக் கார்களைக் கண்டுபிடிக்க நினைப்பவன் முதலில் மனப்பாடம் செய்யவேண்டியது சாதாரணக் கார்களை. அந்தக் கால மலாயாவில் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும்பாலும் பிரிட்டனில் இருந்து வந்ததுதான். அதனால் நான் எம்.ஜி.யில் தொடங்கினேன். அந்தக் கம்பெனியின் டி.சி. ரகம் என்றால் 19 அங்குல உயரக் கம்பிச் சக்கரம், ஒல்லியாகச் சைக்கிள் சக்கரம் மாதிரி நிற்கும். 1949இல் வந்த டி.டி.யில் அது 15 அங்குலமாகக் குறைந்து, தகட்டுச் சக்கரமும் பம்பரும் வந்தன. 1953இல் வந்த டி.எஃப்.பில் முன்விளக்குகள் மட்கார்டுக்குள் பாதி புதைந்திருக்கும். ட்ரையம்ப் டி.ஆர்.2 என்றால் வாய் உள்ளே குழிந்திருக்கும், வலை ஆழத்தில் இருக்கும். டி.ஆர்.3இல் வலை வாய் விளிம்புக்கே வந்துவிடும். 3ஏ-வில் வாய் இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னம் வரை அகன்றுவிடும். இப்படி ஒரு இருபது காரை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும். இருபத்தோராவது கார் வரும்போது, "இது அவற்றில் எதுவும் இல்லை" என்று கண் தானாகச் சொல்லும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கட்டுப்பாடு தளர்ந்ததும் லோரோங் கூலிட் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஸ்டேடியம் பக்கத்தில் காலையில் கூடும் பழைய சாமான் சந்தை. பழைய சாவி, கடிகாரம், கிராமபோன் தட்டு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டுப் போனால் பேரம் பேசப் பொறுமை இருக்கும். அங்கே ஒரு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ்களைப் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன்.

அதில் ஒன்றுதான் எனக்கு மறக்க முடியாத பாடத்தைச் சொல்லித் தந்தது. வளைவு வளைவான ஒரு திறந்த கார், பக்கத்தில் ஓர் இளைஞர். ஸ்டியரிங் இடது பக்கம். பினாங்கில் இடது பக்க ஸ்டியரிங் காரா? அப்படியென்றால் ஐரோப்பாவில் இருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்த இத்தாலியக் கார்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சியாட்டா, சிசிட்டாலியா, மொரெட்டி என்று மூன்று வாரம் இத்தாலியத் தொழிற்சாலை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒன்றும் பொருந்தவில்லை.

ஒரு நாள் என் மனைவி தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் ஏன் பொம்பளை சட்டை போட்டிருக்கான்?" என்றாள். பார்த்தால், சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது. பட்டன் பட்டியும் பெண்கள் சட்டையில் இருப்பது போல எதிர்ப்பக்கம் மடிந்திருக்கிறது. நெகட்டிவை நான் இடவலம் மாறும்படி திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன்! திருப்பிப் போட்டதும் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்தது, இத்தாலி காணாமல் போனது. அது ஜோவெட் ஜூபிட்டர். பிரிட்டனில் பிராட்ஃபோர்ட் நகரத்தில் 1950 முதல் 1954 வரை சுமார் 900 மட்டுமே செய்த கார். பின்பக்கம் பூட் மூடி இல்லை, சாமானை இருக்கைக்குப் பின்னால் கை விட்டுத்தான் எடுக்கவேண்டும். பூட் மூடி அதன் பிந்திய வடிவத்தில்தான் வந்தது, அதனால் இது முந்திய ரகம்.

அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் காரைப் பார்க்கும் முன் மனிதர்களைத்தான் பார்க்கிறேன். சட்டைப் பை எந்தப் பக்கம்? கடைப் பலகை எழுத்து நேராக இருக்கிறதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் மூன்று வாரம் கொடுத்தேன்.

இன்னொரு வழி, திருட்டுச் சாமானைத் தேடுவது. திருட்டு என்று நான் விளையாட்டாகச் சொல்கிறேன், உண்மையில் காசு கொடுத்து வாங்கியதுதான். சின்னக் கம்பெனிகளுக்குத் தனியாக விளக்கு, கைப்பிடி, கண்ணாடி எல்லாம் வார்க்கப் பணம் இருக்காது. பெரிய கம்பெனியின் சாதாரணக் காரில் இருந்து எடுத்து மாட்டிவிடுவார்கள். 1976இல் வந்த லோட்டஸ் எஸ்பிரிட்டின் பின்விளக்கு ஃபியட் எக்ஸ் 1/9-இனுடையது, கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனாவினுடையது. (அந்த லோட்டஸ் கம்பெனியை 1996இல் நம் மலேசியக் கார் கம்பெனி புரோட்டோன் வாங்கியது. 2017இல் சீனாவின் கீலி கைக்குப் போனது. அந்த இருபது வருடம் இங்கே எல்லோரும் லோட்டஸ் நிபுணர்கள்.)

கோலாலம்பூரில் இருக்கும் என் மச்சான் ஒரு முறை மங்கலான படம் ஒன்றை அனுப்பினார். ஒரு குட்டைக் காரின் பின்புறம் மட்டும், அதுவும் பாதி நிழலில். வட்டமான பின்விளக்கு, உள்ளே மூன்றாகப் பிரிந்திருக்கும். "ஃபோர்ட் கோர்ட்டினாதானே?" என்றார். விளக்கு கோர்ட்டினாதான், சந்தேகமே இல்லை, என் சித்தப்பாவே ஒன்று வைத்திருந்தார். ஆனால் கோர்ட்டினாவின் பின்புறம் இப்படி வெட்டியது போல நிற்காது, பின் கண்ணாடியும் இவ்வளவு பெரிதாக இருக்காது. "கோர்ட்டினா விளக்கைப் போட்ட சின்னக் கம்பெனி எது?" என்று கேள்வியை மாற்றியதும் பத்து நிமிடத்தில் விடை வந்தது. பிளாக்பூல் நகரத்து டி.வி.ஆர். கண்ணாடி நார் உடம்பு, 1964க்குப் பிந்திய ரகம். விளக்கை அடையாளம் கண்டவுடன் அதையே காரின் பெயராக எடுத்துக்கொண்டால் மச்சான் மாதிரி கோர்ட்டினாவிலேயே நின்றுவிடுவோம்.

காலத்தைக் கணிக்க எண் பலகையும் பின்னணியும் உதவும். பலகையின் முதல் எழுத்து எந்த மாநிலம் என்று சொல்லும்: கெடாவுக்கு கே, பேராக்குக்கு ஏ, ஜொகூருக்கு ஜே. கோலாலம்பூருக்கு டபிள்யூ வந்தது அது கூட்டரசுப் பிரதேசமான 1974இல்தான். ஜார்ஜ்டவுன் தெரு என்றால் நான் முதலில் வானத்தைப் பார்ப்பேன். தலைக்கு மேலே இரட்டை இரட்டையாகக் கம்பி ஓடினால் அது டிராலி பஸ் கம்பி. டிராமுக்குக் கம்பி ஒன்று போதும், திரும்பிப் போகும் மின்சாரத்துக்குத் தண்டவாளம் இருக்கிறது. ரப்பர் டயரில் ஓடும் டிராலி பஸ்ஸுக்கு இரண்டு வேண்டும். பினாங்கில் டிராலி பஸ் 1925 முதல் 1961 வரை ஓடியது.

தாத்தா படத்தில் மேல் மூலையில் அந்த இரட்டைக் கம்பி இருந்தது. அவர் கால்களுக்கு நடுவே தெரிந்த எழுத்து கே. சரி, கெடா கார், ஜார்ஜ்டவுன் தெரு, 1961க்கு முன். வெறும் கண்ணால் எடுத்தது இவ்வளவுதான். மிச்சத்துக்கு அளக்கவேண்டியிருந்தது.

அளப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை எந்தக் கம்பெனியும் மறைப்பதில்லை, பழைய விற்பனைத் தாள்களில்கூட அச்சிட்டிருக்கும். டி.ஆர்.2க்கு 88 அங்குலம். ஆஸ்டின்-ஹீலி 100க்கு 90. படத்தில் அந்தத் தூரம் சக்கரத்தைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்தால் காரை வடிகட்டலாம். முதலில் நான் படத்தின் மேலேயே அடிக்கோலை வைத்து அளந்தேன். உள்ளங்கை அளவுப் படத்தில் சக்கரம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் டி.ஆர்.2 ஹீலியாகிவிடும், ஹீலி வேறு எதுவாகவோ ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை.

அங்குலத்துக்கு 1200 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கில் ஸ்கேன் செய்து, கணினியில் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணியதும்தான் அளவு நிலைத்தது. கார் கொஞ்சம் சாய்வாக நின்றதால் சக்கரம் முட்டை வடிவத்தில் தெரிந்தது. அப்போது சக்கரத்தின் உயரத்தை எடுக்கக் கூடாது, குறுக்களவைத்தான் எடுக்கவேண்டும். கார் சாய்ந்து சுருங்கும் அளவுக்கே சக்கரத்தின் அகலமும் சுருங்கும். டயரை விட்டுவிட்டு ரிம்மின் விளிம்பை அளப்பது நல்லது. டயரின் தடிமன் பக்கவாட்டில் தெரிந்து ஏமாற்றும். கேமராவுக்கு அருகில் உள்ள சக்கரம் பெரிதாகத் தெரியும் என்பதால் இரண்டையும் அளந்து சராசரி எடுக்கவேண்டும். ரொம்பச் சாய்ந்த படத்தில் இதெல்லாம் பலிக்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

15 அங்குலச் சக்கரத்தின் ரிம் விளிம்பு வெளியே 16 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். அந்தக் கணக்கில் டி.ஆர்.2 என்றால் 5.4 மடங்கு, ஹீலி என்றால் 5.5. எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது 5.7க்கும் 5.8க்கும் நடுவே. அதாவது 93, 95 அங்குலம் பக்கம். இரண்டு காரும் விழுந்துவிட்டன. ஹீலி என்றால் விலாவில் முன்சக்கர வளைவில் இருந்து பின்னோக்கி ஒரு மடிப்புக் கோடு ஓடும், தாத்தா படத்தில் விலா மொழுமொழுவென்று இருந்தது. ஹீலி 100க்கும், ஏசி ஏஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் காருக்கும் கம்பிச் சக்கரம் வழக்கம், இங்கே இருந்ததோ தகட்டுச் சக்கரம். அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான், இந்தச் சக்கரத்தை டி.ஆர்.2இல் பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. உடம்பு டி.ஆர்.2 இல்லை, நீளமும் இல்லை, ஆனால் சக்கரம் அதனுடையது. மச்சானின் கோர்ட்டினா விளக்கு கதைதான்! டி.ஆர்.2இன் சாமானை வாங்கி, சற்று நீளமாக வேறு கார் செய்தவர்கள் யார்?

ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ஸ்வாலோ டொரெட்டி. 1954, 55இல் வால்சால் விமான நிலையத்தில் இருந்த தொழிற்சாலையில் 276 செய்து நிறுத்திவிட்டார்கள். டி.ஆர்.2இன் எஞ்சின், கியர்பாக்ஸ். சக்கர இடைவெளி 95 அங்குலம். கலிஃபோர்னியாவில் ட்ரையம்ப் விற்ற டோரதி டீன் என்ற பெண்மணியின் பெயரை இத்தாலியப் பெயர் மாதிரி திரித்து வைத்தார்களாம். இத்தாலி என்னை விடுவதாக இல்லை. அந்தக் காரின் பக்கவாட்டுப் படங்களைத் தேடி எடுத்துத் தாத்தா படத்தின் பக்கத்தில் வைத்தேன். கதவின் வெட்டு, பின்சக்கரத்துக்கு மேலே எழும் தோள், முன்கண்ணாடியின் சாய்வு எல்லாம் ஒத்துப்போயின.

பெரியப்பா தோற்றார் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரை வைத்துக்கொண்டு ஸ்வாலோ யார் என்று தேடிப் போனபோது கதை வேறு பக்கம் திரும்பியது. 1922இல் வில்லியம் லயன்ஸ் என்ற இளைஞரும் அவர் கூட்டாளியும் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்குச் சைடுகார் செய்யத் தொடங்கிய கம்பெனியின் பெயர் ஸ்வாலோ. அதுதான் பிறகு எஸ்.எஸ். கார்ஸ் ஆகி, போர் முடிந்த 1945இல் அந்த இரண்டு எழுத்து நாஜிப் படையை நினைவூட்டியதால் ஜாகுவார் என்று மாறியது. சைடுகார் வியாபாரமும் ஸ்வாலோ பெயரும் தனியாகக் கைமாறி, டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பெரிய குழுமத்திடம் போய்ச் சேர்ந்தன. அவர்கள் செய்ததுதான் டொரெட்டி. தங்களுக்குச் சாமான் விற்கும் குழுமமே போட்டிக்குக் கார் செய்கிறதே என்று ஜாகுவார் தரப்பு முறுக்கியதால்தான் அதைச் சீக்கிரம் நிறுத்தினார்கள் என்றும் சொல்வார்கள்.

அடுத்தது எஞ்சின். ஸ்டாண்டர்ட் கம்பெனி தன் வேன்கார்ட் காருக்கும் ஃபெர்குசன் டிராக்டருக்கும் ஒரே குடும்பத்து எஞ்சினைப் போட்டது. அதையே கொஞ்சம் சிறிதாக்கி, 1991 சிசியில், டி.ஆர்.2க்கும் வைத்தார்கள். தாத்தா அதை எப்படித் தெரிந்துகொண்டார்? தோட்டத்துப் பட்டறையில் ஃபெர்குசன் நின்றிருக்கலாம், ஃபோர்மன் யாராவது இரண்டு பானட்டையும் திறந்து காட்டியிருக்கலாம். துரையே கிளப்பில் யாரிடமாவது சொன்னது காதில் விழுந்திருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அறுபது வருடமாக நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இப்போது யாராவது படத்தோடு வந்தால், காரைப் பார்க்கும் முன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு, சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்துக்கொள்கிறேன். "பச்சைக் கலர், கதவே கிடையாது", "கோழி மாதிரி கத்தும்" என்பதையெல்லாம்கூடத் திருத்துவதில்லை. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யவேண்டும், ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கிடக்கும் படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு எடுப்பது நல்லது. நான் ஒன்றைப் பிய்த்து யாரோ ஒருவரின் பாட்டியுடைய பாதி முகத்தை இழந்தேன், அதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. விடை கிடைத்தால் பின்னால் பென்சிலால் எழுதுகிறேன், எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்து. தாத்தா படத்தின் பின்னால், "ஸ்வாலோ டொரெட்டி, 1954–61க்குள், ஜார்ஜ்டவுன். முகப்பு மறைந்துள்ளது. பத்தில் ஒன்பது" என்று இருக்கிறது.

அதைக் காட்டப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது 84. ஸ்வாலோ, சைடுகார், டிராக்டர் என்று முழுக்கதையையும் சொன்னேன். பசியாறிக்கொண்டே கேட்டார். "நான்தான் சொன்னேனே, ஜாகுவார்னு" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி துரை இன்னொரு காடி வச்சிருந்தாருடா. மூணு சக்கரம். பின்னாடி ஒண்ணே ஒண்ணு. எஞ்சின் மூக்குக்கு வெளியிலேயே தொங்கும்" என்றார்.

மோர்கன்! எழுந்தே விட்டேன். "படம் இருக்கா பெரியப்பா?"

"படம் எதுக்கு? நான்தான் பார்த்தேனே" என்றார்.